மாயமான யூபிஎஸ் போர்ட்

உபுண்டு 22.04 இயங்குதளத்துக்கு மாறியதும், ஸீரியல் போர்ட் வழியாகக் கணினியோடு பேசும் என் பழைய யூபிஎஸ்ஸைக் கணினி கண்டுகொள்ளவில்லை. சிஎச்340 சிப் உள்ள யூஎஸ்பி மாற்றி வழியாக இணைத்திருந்தேன். யூபிஎஸ் கேபிள்களின் ஊசிகளின் (pin) அமைப்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆனால் இதே கேபிள் முன்பு வேலை செய்ததுதான். சரி என்று கெர்னல் பதிவை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி எழுதிவைக்கும் குறிப்புகளைப் பார்த்தேன். மாற்றிக்கான போர்ட்டான டிடிஒய்யுஎஸ்பி0 (ttyUSB0) தோன்றி, உடனே துண்டிக்கப்பட்டிருந்தது. அதைப் பிடுங்கியது பிஆர்எல்டிடிஒய் (brltty), அதாவது பார்வையற்றோரின் பிரெய்ல் திரைகளை இயக்கும் நிரல். ஒரு பிரெய்ல் கருவியும் இதே சிப்பின் அடையாள எண்ணைக் காட்டுவதால் வந்த குழப்பம் இது.

அந்த நிரலை நீக்கி, மாற்றியைக் கழற்றிச் செருகினேன், போர்ட் நிலைத்தது. அப்புறம் யூபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் நட் (NUT) மென்பொருளின் பயனர் கணக்கை, ஸீரியல் போர்ட்டைப் பயன்படுத்த அனுமதி உள்ள டயல்அவுட் குழுவில் சேர்த்தேன். பேட்டரி வோல்டேஜ் திரையில் வந்தது! வீட்டில் யாராவது பிரெய்ல் திரை பயன்படுத்தினால் நிரலை நீக்க வேண்டாம். செருகும் கருவியை எந்த நிரல் எடுக்கலாம் என்று சொல்லும் யுடெவ் (udev) விதிகளில் அந்த ஒரு அடையாள எண்ணை மட்டும் முடக்குங்கள்.