கன்ட்ரோலர் போகவில்லை, ஒயர்தான் போயிருந்தது

நான் பழசாக வாங்கிய 20 டன் செயின் வண்டி (மண் தோண்டும் எக்ஸ்கவேட்டர்), குவாரியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே மானிட்டரில் கம்யூனிகேஷன் எரர் காட்டி ஆர்.பி.எம். இறங்கிவிடும், சாவியை அணைத்துப் போட்டால் ஒரு மணி நேரம் ஒழுங்காக ஓடும், அப்புறம் மறுபடி அதே கதை. வந்து பார்த்த மெக்கானிக், வண்டியை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டியான கன்ட்ரோலர் போய்விட்டது, செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கிப் போடுங்கள் என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. செத்த கன்ட்ரோலர் மணிக்கு ஒருமுறை பிழைத்து வருமா?

பேட்டரியைக் கழற்றிவிட்டு, கோளாறு பார்க்கும் டயக்னாஸ்டிக் சாக்கெட்டில், கன்ட்ரோலரும் மானிட்டரும் பேசிக்கொள்ளும் கேன் (CAN) லைனின் இரு ஒயர்களான கேன் ஹை, கேன் லோ இரண்டுக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தேன். லைனின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் உண்டு, இரண்டும் பேரலலாக இருப்பதால் சேர்ந்து 60 காட்ட வேண்டும். காட்டியது. சரி என்று மீட்டரை அப்படியே விட்டுவிட்டு, ஹெல்ப்பர் தம்பியை ஒயரிங்கை ஒவ்வொரு இடமாக ஆட்டச் சொன்னேன். சீட்டுக்குப் பின்னால் கை வைத்ததும் 60 சட்டென்று 120 ஆனது, அதாவது ஒரு முனை விட்டுப்போகிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்திருந்தால் இரண்டு ஒயரும் ஒட்டிக்கொண்டன என்று அர்த்தம்.

அங்கே கிடந்த தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்தால், யாரோ எப்போதோ அறுந்த ஒயரை வெறுமனே முறுக்கி டேப் சுற்றி வைத்திருக்கிறார்கள், உள்ளே செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, கிரிம்ப் போட்டு (உலோகக் குழலில் அழுத்தி இணைத்து), சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் ஏற்றி, இரண்டு ஒயரையும் பழையபடி ஒன்றோடொன்று முறுக்கிவிட்டேன், அந்த முறுக்கு இல்லாவிட்டால் வெளியிலிருந்து மின் இரைச்சல் லைனில் ஏறிவிடும். செலவு 200 ரூபாய்கூட ஆகவில்லை. மூன்று மாதமாக அந்த எரர் எட்டிப் பார்க்கவில்லை.