ஆறே முக்காலை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

ஆறே முக்கால். தமிழில் இதைச் சொல்லும்போது நம் கணக்கு கடந்துபோன ஆறு மணியிலிருந்து தொடங்குகிறது: ஆறு முடிந்து, மேலும் முக்கால் மணி. அதே நேரத்தை ஆங்கிலம் 'குவார்ட்டர் டு செவன்' என்கிறது. வரப்போகும் ஏழு மணிக்கு இன்னும் கால் மணி பாக்கி என்று பொருள். இது பிடிபடாமல் நான் ஒருமுறை ரயிலைத் தவறவிட்டிருக்கிறேன். 'குவார்ட்டர்' கால், 'செவன்' ஏழு, ஆகவே ஏழேகால் என்று கூட்டிக்கொண்டேன். ஏழு மணிக்கே வந்துவிட்டோம் என்ற பெருமையோடு நிலையத்துக்குள் நுழைந்தபோது, ரயில் கிளம்பிப் பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது.

படி 1: கடிகாரத்தை இரண்டாகப் பிரியுங்கள்

பன்னிரண்டிலிருந்து ஆறு வரை ஒரு நேர்கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய முள் வலப்பாதியில் இருந்தால் 'பாஸ்ட்' போட்டு, கடந்த மணியைச் சொல்ல வேண்டும். 7:10 என்றால் 'டென் பாஸ்ட் செவன்'. முள் இடப்பாதிக்குப் போனதும் 'டு' வருகிறது, மணியும் அடுத்ததற்குத் தாவுகிறது. 7:40 என்றால் 'ட்வென்டி டு எய்ட்'. முள் சரியாக ஆறின் மேல் நின்றால் 'ஹாஃப் பாஸ்ட் செவன்', அதாவது ஏழரை. பிரிட்டன்காரர்கள் பேச்சில் 'பாஸ்டை' விழுங்கிவிட்டு 'ஹாஃப் செவன்' என்பார்கள். அதுவும் ஏழரைதான், ஆறரை அல்ல.

'ஓ கிளாக்' முழு மணிக்கு மட்டுமே. 'செவன் தேர்ட்டி ஓ கிளாக்' என்று சொல்லக் கூடாது. இதெல்லாம் குழப்பமாக இருந்தால் 'சிக்ஸ் ஃபார்ட்டி ஃபைவ்' என்று எண்களை அப்படியே படித்துவிடலாம், தவறே இல்லை. ஆனால் எதிரில் இருப்பவர் 'குவார்ட்டர் டு' என்று சொல்லும்போது நமக்குப் புரிய வேண்டுமே, அதற்காகவாவது பழகிக்கொள்ளுங்கள்.

படி 2: காலையா, இரவா?

'ஏ.எம்.' என்பது நண்பகலுக்கு முன், 'பி.எம்.' என்பது நண்பகலுக்குப் பின். இரண்டும் லத்தீன் சொற்களின் சுருக்கம். நமக்கு விடியும்வரை இரவுதான். ஆங்கிலத்துக்கோ நள்ளிரவு தாண்டினாலே 'மார்னிங்'. ஆகவே இரவு இரண்டு மணி 'டூ இன் த மார்னிங்' ஆகிவிடும். பன்னிரண்டு மணிக்கு மட்டும் இந்தச் சுருக்கங்களை நம்பாதீர்கள். பகலானால் 'நூன்', இரவானால் 'மிட்நைட்' என்று சொன்னால் யாருக்கும் சந்தேகம் வராது.

படி 3: 'டுடே நைட்'டை மறந்துவிடுங்கள்

தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பேசுகிறோம் என்பதை உடனே காட்டிக்கொடுக்கும் இடம் இதுதான். இன்று இரவு என்பதை அப்படியே மாற்றி 'டுடே நைட்' என்கிறோம். சரியான சொல் 'டுநைட்'. இன்று காலை 'திஸ் மார்னிங்', நேற்று இரவு 'லாஸ்ட் நைட்'. சரி, அப்படியானால் நேற்று காலை 'லாஸ்ட் மார்னிங்' தானே? இல்லை, 'யெஸ்டர்டே மார்னிங்'. இதில் தர்க்கம் தேடிக் களைத்துப்போனவன் என்ற முறையில் சொல்கிறேன், மனப்பாடம் செய்துவிடுவதே மேல். நாளைக்கு இந்தத் தொல்லை இல்லை: 'டுமாரோ மார்னிங்', 'டுமாரோ நைட்' இரண்டும் சரி.

படி 4: மணிக்கு 'அட்', கிழமைக்கு 'ஆன்', மாதத்துக்கும் ஆண்டுக்கும் 'இன்'

'அட் செவன்', 'ஆன் மண்டே', 'இன் ஜூன்'. காலை வேளை 'இன் த மார்னிங்', ஆனால் இரவு 'அட் நைட்'. கிழமை சேர்ந்துவிட்டால் 'ஆன்' முந்திக்கொள்ளும்: 'ஆன் மண்டே மார்னிங்'.

படி 5: தமிழ் விகுதியே வழிகாட்டும்

இங்கே மட்டும் தமிழை நம்பலாம். 'இரண்டு ஆண்டுகளாக' என்பதில் வரும் 'ஆக'வுக்கு 'ஃபார்'. '2020 முதல்' என்பதில் வரும் 'முதல்' என்ற சொல்லுக்கு 'சின்ஸ்'. 'சின்ஸ் டூ இயர்ஸ்' என்பது இரண்டையும் கலந்ததால் வரும் பிழை. வினையையும் கவனியுங்கள்: 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்' அல்ல, 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்' என்று வர வேண்டும்.

அதேபோல 'ஐந்து மணி வரை' என்றால் 'அன்டில் ஃபைவ்', 'ஐந்து மணிக்குள்' என்றால் 'பை ஃபைவ்'. நூலகம் 'அன்டில் ஃபைவ்' திறந்திருக்கும். புத்தகத்தை நீங்கள் 'பை ஃபைவ்' திருப்பித் தர வேண்டும். மாற்றிச் சொல்லிப் பாருங்கள், ஐந்து மணி வரை புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்!

கடைசியாக ஒன்று. புதன்கிழமையன்று ஒருவர் 'நெக்ஸ்ட் ஃப்ரைடே' என்றால், அது நாளை மறுநாளா, அடுத்த வாரமா? ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்குள்ளேயே இதில் ஒற்றுமை கிடையாது. தேதியையும் கேட்டுக்கொள்ளுங்கள்: 'ஃப்ரைடே த ட்வெல்ஃப்த்?'