விலங்குச் சோதனைக்கு மாற்று: ஆய்வுக் கட்டுரைகளில் தேடும் முறை

இந்தியாவில் விலங்குகளைக் கொண்டு ஆய்வு செய்ய விரும்புவோர் நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவிடம் அளிக்கும் பி படிவத்தில், விலங்கு ஏன் தேவை, இதே ஆய்வு உடலுக்கு வெளியே வேறு முறைகளில் செய்யப்பட்டிருக்கிறதா, முன்பே யாரேனும் செய்திருந்தால் மீண்டும் ஏன் செய்ய வேண்டும் என்ற கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். ‘தேடினோம், மாற்று ஏதும் கிடைக்கவில்லை’ என்ற ஒற்றை வரி அந்த இடத்தை நிரப்புமே தவிர, விடையாகாது. தரவுத்தளத்தில் ‘ஆல்டர்நேடிவ்’ என்று தட்டிவிட்டுக் காத்திருப்பவருக்குக் கிடைப்பது குறைவு. ஏனெனில் மாற்று முறையை உருவாக்கியவர் பெரும்பாலும் தம் கட்டுரையில் அந்த முறையின் பெயரை எழுதுகிறாரே ஒழிய, அதை மாற்று என்று அழைப்பதில்லை.

ஆகவே திறவுச்சொற்களுக்கு முன்பு, ஆய்வு கேட்கும் கேள்வியை விலங்கின் பெயர் இல்லாமல் எழுதிக்கொள்ள வேண்டும். ஊசிமருந்துகளில் பைரஜன் எனப்படும் காய்ச்சலூட்டும் பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் முயல் சோதனையை எடுத்துக்கொள்வோம். மூன்று முயல்களின் காதுச் சிரையில் (இரத்தக் குழாயில்) மருந்தைச் செலுத்தி, அடுத்த மூன்று மணி நேரம் உடல் வெப்பம் எவ்வளவு ஏறுகிறது என்று அளப்பதே அந்தச் சோதனை. ‘முயலுக்குப் பதில் என்ன?’ என்று கேட்டால் தேடல் முயலையே சுற்றிவரும். ‘இந்த மருந்து மோனோசைட் எனும் மனித வெள்ளை இரத்த அணுக்களைத் தூண்டி, காய்ச்சலை உண்டாக்கும் இன்டர்லூகின் போன்ற பொருள்களைச் சுரக்கச் செய்கிறதா?’ என்று கேட்டால், மனித இரத்தத்தைக் கொண்டே விடை காணலாம் என்பது கேள்வியிலேயே தெரிந்துவிடுகிறது.

அந்தக் கேள்வியிலிருந்து சொற்பட்டியல் பிறக்கும். முதல் வரிசையில் பைரஜன், பைரஜெனிசிட்டி, எண்டோடாக்சின் (பாக்டீரியாவின் புறச்சுவரிலிருந்து வரும் நச்சு) போன்ற பொருளின் பெயர்கள். இரண்டாவதில் மோனோசைட் ஆக்டிவேஷன் டெஸ்ட், ஹோல் பிளட் அஸ்ஸே, இன்டர்லூகின்-6 போன்ற முறை மற்றும் அளவீட்டின் பெயர்கள். மூன்றாவதில் மருந்து, தடுப்பூசி, மருத்துவக் கருவி என்ற பயன்பாட்டுக் களம். ஒரு வரிசைக்குள் உள்ள சொற்களை ‘ஆர்’ (ஏதேனும் ஒன்று) கொண்டும், வரிசைகளை ‘அண்ட்’ (எல்லாம் சேர்ந்து) கொண்டும் இணைக்க வேண்டும். சுருக்கப் பெயரை மட்டும் நம்பக் கூடாது: மோனோசைட் சோதனையின் ‘மேட்’ (MAT) என்ற மூன்றெழுத்துச் சுருக்கம் ஆங்கிலத்தில் பாயையும் குறிக்கும்.

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளின் தரவுத்தளமான பப்மெட்டில், கட்டுரைகளுக்குப் பொருள்வாரியாக இடப்படும் மெஷ் பொருள்தலைப்புகளையும் சேர்த்துத் தேட வேண்டும். ‘அனிமல் டெஸ்டிங் ஆல்டர்நேடிவ்ஸ்’, ‘அனிமல் யூஸ் ஆல்டர்நேடிவ்ஸ்’ என்ற இரண்டும் அங்கே உண்டு. ஆனால் எல்லாப் பதிவுகளுக்கும் தலைப்பு இட்டிருக்க மாட்டார்கள் என்பதால் சாதாரணச் சொற்தேடலும் உடன் வேண்டும். ஒரு தரவுத்தளம் போதாது. மருந்தியல் ஆய்வென்றால் எம்பேஸையும், கால்நடை ஆய்வென்றால் கேப் அப்ஸ்ட்ராக்ட்ஸையும் பார்ப்பது நல்லது.

ஒரு சொல்லை விலக்கும் ‘நாட்’ கட்டளையில்தான் பெரிய பள்ளம் இருக்கிறது. விலங்கு இல்லாத கட்டுரைகளே வேண்டும் என்று நினைத்து முயலை விலக்கிவிட்டால், புதிய முறையை முயல் சோதனையோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த கட்டுரைகளும் மறைந்துபோகும். நெறிமுறைக் குழுவின் முன் வைப்பதற்கு அவற்றைவிட வலுவான சான்று வேறில்லை.

இன்னொன்று: சில முக்கியமான ஆவணங்கள் ஆய்விதழ்களில் வருவதே இல்லை. மோனோசைட் சோதனைக்கு, மருந்துகளின் தர விதிகளைத் தொகுக்கும் ஐரோப்பிய மருந்துநூல் 2010-இல் தனி இயல் ஒதுக்கியதும், முயல் சோதனையைக் கைவிடும் முடிவை 2021-இல் எடுத்ததும் அந்நூலின் வெளியீடுகளில்தான் கிடைக்கும். ஓ.இ.சி.டி. என்ற பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் சோதனை வழிகாட்டிகளும் நார்வேயின் நோரெகோபா தளமும் இவ்வகைத் தேடலுக்கு உதவும். தோல் எரிச்சலை மனிதத் தோல் மாதிரியில் சோதிக்கும் முறை ஓ.இ.சி.டி.யின் 439-ஆம் வழிகாட்டியில் உள்ளது.

கிடைத்ததை அப்படியே மாற்று என்று எழுதிவிடவும் கூடாது. குதிரை லாட நண்டின் இரத்தத்திலிருந்து எடுக்கும் எல்.ஏ.எல். வினைப்பொருள் எண்டோடாக்சினை மிக நுட்பமாகக் கண்டறியும். மற்ற பைரஜன்களை அது பொதுவாகக் காட்டாது. முயலை விடுவித்து நண்டைப் பிடிப்பது எவ்வகை மாற்று என்ற கேள்வியும் நியாயமானதே. நண்டின் இரத்தத்தில் உள்ள, இப்போது மரபணு நுட்பத்தால் ஆக்கப்படும் ஃபேக்டர் சி என்ற புரதம் அந்தக் கேள்விக்கு விடையளிக்கிறது, எண்டோடாக்சின் மட்டும் என்ற எல்லைக்கு அளிப்பதில்லை. அந்த எல்லையைத் தாண்டுவது மோனோசைட் சோதனைதான். ஒவ்வொரு முறைக்கும் எதைக் கண்டறியாது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

ரஸ்ஸல், பர்ச் ஆகிய ஆங்கிலேய ஆய்வாளர்கள் இருவரும் 1959-இல் வகுத்த மூன்று நெறிகளில் பதிலீடு ஒன்றுதான். எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல் ஆகிய மற்ற இரண்டுக்கும் தனித்தனியே தேட வேண்டும். அவற்றுக்கு மேற்கண்ட பட்டியல் உதவாது: முன்னதற்கு மாதிரி அளவு, புள்ளியியல் வடிவமைப்பு, பின்னதற்கு வலிநீக்கம், கையாளும் முறை, கூண்டு வசதி, மனிதாபிமான முடிவுப்புள்ளி (துன்பம் மிகுமுன் சோதனையை நிறுத்தும் கட்டம்) ஆகிய சொற்களை விலங்கின் பெயரோடு இணைக்க வேண்டும். விலங்கின் பெயர் அவசியமாவது இங்கேதான்.

தேடிய நாள், தரவுத்தளங்கள், தேடல் உள்ளடக்கிய ஆண்டுகள், தேடல் தொடர் முழுமையாக, கிடைத்த பதிவுகளின் எண்ணிக்கை, பொருந்தியவற்றை ஏற்காததற்கான அறிவியல் காரணம் ஆகியவற்றை அன்றே பதிந்துவைக்க வேண்டும். பின்னர் நினைவிலிருந்து எழுதும் தேடல் தொடரை இன்னொருவர் ஓட்டிப் பார்த்தால் அதே எண் வருவது அரிது. பப்மெட்டில் கணக்குத் தொடங்கித் தேடலைச் சேமித்தால், புதிய கட்டுரைகள் மின்னஞ்சலில் வந்து சேரும். அனுமதியைப் புதுப்பிக்கும்போது பழைய பத்தியை நகலெடுத்து ஒட்ட வேண்டியிருக்காது.