விண்வெளி நிலையத்தில் அபாய மணி அடித்தால்

சர்வதேச விண்வெளி நிலையத்தில் உயிர்காப்புப் படகு என்று தனியாக ஒன்று கிடையாது. ஏழு பேரை ஏற்றிவரக்கூடிய எக்ஸ்-38 கலத்தை அதற்காகவே நாசா உருவாக்கத் தொடங்கி, 2002-இல் கைவிட்டது. ஆகவே வந்த கலம்தான் திரும்பும் கலம். ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில் வந்த மூவருக்கு அந்தச் சோயுஸ். அமெரிக்க ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் டிராகனில் வந்த நால்வருக்கு அந்த டிராகன். அவர்கள் அங்கே தங்கும் மாதங்கள் முழுக்க இரண்டும் நிலையத்தோடு இணைந்தே நிற்கும்.

எனவே எந்த மணி அடித்தாலும் முதல் விதி ஒன்றே: உங்களுக்கும் உங்கள் கலத்துக்கும் நடுவே தீயோ மூடிய கதவோ வர விடாதீர்கள். 1997 பிப்ரவரி 23-இல் ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தில் ஆக்சிஜன் உருளை தீப்பிடித்தபோது உள்ளே ஆறு பேர் இருந்தார்கள், வெளியே இரண்டு சோயுஸ்கள் நின்றன. அவற்றில் ஒன்றுக்குப் போகும் வழியைத் தீ அடைத்துக்கொண்டது. மூன்று பேருக்குத்தான் வழி திறந்திருந்தது.

காற்றுக் கசிவு மணி அடித்தால் முதலில் நேரத்தைக் கணக்கிடுங்கள். நிலையத்தில் வழக்கமான அழுத்தம் ஏறத்தாழ 760 மி.மீ. பாதரசம், 490-க்கு இறங்கும்வரை உள்ள அவகாசத்தைத்தான் கையிருப்பு நேரமாக எடுத்துக்கொள்கிறார்கள். அழுத்தமானியைப் பார்த்துக் கடிகாரத்தைப் பிடியுங்கள். 740-இல் நிற்கும் முள் ஒரு நிமிடத்தில் 738-க்கு வந்தால், 250-ஐ 2-ஆல் வகுக்க 125 நிமிடம். அழுத்தம் குறையக் குறையக் கசிவின் வேகமும் குறையும் என்பதால் உண்மையான நேரம் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். அந்தக் கூடுதலை நம்பி எதையும் திட்டமிட வேண்டாம். நிலையத்தின் உள்கொள்ளளவு ஏறக்குறைய 1,000 கன மீட்டர். 1 செ.மீ. விட்டமுள்ள ஓட்டை என்றால் கணக்குப்படி சுமார் எட்டு மணி நேரம் கிடைக்கும். 5 செ.மீ. என்றால் இருபது நிமிடம்கூட இல்லை.

அடுத்தது ஓட்டையைத் தேடுவது. உங்கள் கலத்திலிருந்தே தொடங்குங்கள்: அதன் கதவை மூடி, முள்ளைப் பாருங்கள். கலம் நல்ல நிலையில் இருந்தால், நிலையத்தின் ஒவ்வொரு பகுதிக் கதவையும் வரிசையாக மூடி வாருங்கள், எப்போதும் கலம் இருக்கும் பக்கத்தில் நின்றுகொண்டே. கதவை மூடிய பின்னும் நீங்கள் நிற்கும் பக்கத்தில் அழுத்தம் இறங்கினால் ஓட்டை உங்கள் பக்கம். நின்றுவிட்டால் மூடிய கதவுக்கு அப்பால். 2018 ஆகஸ்டில் சோயுஸ் எம்எஸ்-09 கலத்திலேயே 2 மி.மீ. ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு, எபாக்சிப் பசையால் அடைக்கப்பட்டது. கலத்தை முதலில் சோதிக்கச் சொல்வது வெறும் சம்பிரதாயம் அல்ல.

கதவு வழியே கேபிள் இழுப்பது மிக மோசமான பழக்கம். 1997 ஜூன் 25-இல் சரக்குக் கலம் மோதி மிரின் ஸ்பெக்டர் பகுதி ஓட்டையானபோது, வாசல் வழியே ஓடிய கேபிள்களைக் கழற்றியும் வெட்டியும் எறிந்த பிறகுதான் வாசலை அடைக்க முடிந்தது. எந்த வாசலில் எது ஓடுகிறது, அதை எப்படி நொடியில் பிரிப்பது என்பது அமைதியான நாளிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

தீ என்றால் முதலில் முகமூடி, பிறகு காற்றோட்ட விசிறிகள் நின்றுவிட்டனவா என்று பார்ப்பது. எடையற்ற நிலையில் புகை மேலே எழாது. காற்றோட்டம் நின்றால் தீக்கு ஆக்சிஜன் வருவது குறையும். அந்த இடத்து மின்சாரத்தைத் துண்டித்த பிறகே அணைப்பான். கார்பன் டைஆக்சைடு அணைப்பானை முகமூடி இல்லாமல் அடித்தால் தீயோடு நீங்களும் மூச்சுத் திணறுவீர்கள். தீ அணைந்தாலும் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சயனைடு அளவைப் பார்க்காமல் முகமூடியைக் கழற்றக் கூடாது.

இன்னொரு மணி, நச்சு வாயுவான அம்மோனியா கசிந்தால் அடிப்பது. அது அமெரிக்கப் பகுதியின் வெளிக்குளிர்விப்புக் குழாய்களில் ஓடுகிறது; ரஷ்யப் பகுதியில் அது இல்லை. ஆகவே முகமூடி, ரஷ்யப் பகுதி, கதவு: இதே வரிசையில். 2015 ஜனவரி 14-இல் ஆறு பேரும் அப்படித்தான் ஒதுங்கினார்கள். அது பொய் மணி என்று பிறகு தெரிந்தது. மணி அடித்தபோது அதை உண்மை என்றே எடுத்துக்கொண்டதுதான் சரி.

விண்குப்பை நெருங்கினால், நேரம் இருந்தால் நிலையத்தையே நகர்த்துவார்கள். இல்லையென்றால் அவரவர் கலத்தில் ஏறிக் காத்திருக்க வேண்டும். 2021 நவம்பர் 15-இல் ரஷ்யா தன் பழைய செயற்கைக்கோளை ஏவுகணையால் உடைத்தபோது ஏழு பேர் அப்படிக் காத்திருந்தார்கள்.

கலமே பழுதானால்? அங்கேதான் இருக்கையின் அருமை தெரியும். சோயுஸ் இருக்கையில் ஒவ்வொருவரின் உடலுக்கும் அச்செடுத்து வார்த்த படுகை உண்டு. தரையில் மோதும்போது முதுகெலும்பைக் காப்பது அதுதான். 2022 டிசம்பரில் சோயுஸ் எம்எஸ்-22-இன் குளிர்விப்பு நீர்மம் கசிந்து வெளியேறியதும், அதில் வந்திருந்த அமெரிக்க விண்வெளி வீரர் ஃபிராங்க் ரூபியோவின் படுகையைக் கழற்றி டிராகனுக்குள் கட்டிவைத்தார்கள். மாற்றுச் சோயுஸ் ஆளில்லாமல் 2023 பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தது. சீனாவின் தியான்குங் விண்வெளி நிலையத்திலும் இந்தச் சிக்கல் வந்தது: ஷென்சோ-20 கலத்தின் ஜன்னலில் விரிசல் விழுந்ததால் அதன் குழுவினர் 2025 நவம்பர் 14-இல் ஷென்சோ-21-இல் திரும்பினார்கள். மேலே தங்கிய மூவர், நவம்பர் 25-இல் ஷென்சோ-22 ஏவப்படும்வரை திரும்பிவரச் சரியான கலம் இல்லாமலே இருந்தார்கள்.

சோயுஸில் கிளம்பும்போது சொகோல் எனும் அழுத்த உடையை அணியாமல் இருக்காதீர்கள். 1971-இல் சோயுஸ் 11 திரும்புகையில் ஒரு வால்வு திறந்து காற்று வெளியேறியதில், அழுத்த உடை இல்லாத மூவரும் இறந்தார்கள். நிலையத்தைவிட்டுப் பிரிவது சில நிமிட வேலை. ஆனால் பூமி கீழே சுழல்வதால், நல்ல இறங்குதளம் பாதைக்கு நேராக வரும்வரை சுற்றிக்கொண்டிருக்க நேரலாம். வேகத்தைக் குறைக்கும் எஞ்சின் நான்கரை நிமிடத்துக்குச் சற்று மேல் எரியும். வழிகாட்டல் தவறினால் கலம் வழக்கத்தைவிடச் செங்குத்தான பாதைக்கு மாறி, எட்டு மடங்கு எடை உங்களை அழுத்தும். 2008 ஏப்ரலில் சோயுஸ் டிஎம்ஏ-11 அத்தகைய பாதையில்தான் இறங்கியது, மூவரும் பிழைத்தார்கள். அந்த நேரத்தில் குறுகிய மூச்சாக, வயிற்றால் இழுத்து விடுங்கள்.

தரை தொட்டதும் பாராசூட்டின் ஒரு கயிற்றை அறுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் காற்று பாராசூட்டை நிரப்பிக் கலத்தைப் புல்வெளியில் இழுத்துக்கொண்டே போகும்.