ஹியூமன் ரைட்ஸ் அப்பீல் வென்ற பிறகு: தீர்ப்பிலிருந்து விசா வரை

பிரிட்டனில் முதல்நிலை இமிக்ரேஷன் ட்ரைப்யூனலில் (குடிவரவுத் தீர்ப்பாயத்தில்) மனித உரிமை அடிப்படையில் அப்பீல் வென்றாலும் நீதிபதி கையால் விசா கிடைக்காது. விசாவைத் தர வேண்டியது, முன்பு மறுத்த அதே ஹோம் ஆபிஸ் (உள்துறை அமைச்சகம்)தான். இடையில் சில வாரங்கள் போகலாம், பல மாதங்களும் ஆகலாம். வென்ற கேஸைக் கெடுத்துக்கொள்பவர்கள் இந்த இடைவெளியில்தான் கெடுத்துக்கொள்கிறார்கள்.

தீர்ப்பு வந்ததும் கடைசிப் பக்கத்தை முதலில் பாருங்கள். மனித உரிமை அடிப்படையில் அப்பீல் அனுமதிக்கப்படுகிறது என்ற வரி அங்கே இருக்கும். அதை ஒட்டியே கட்டணம் பற்றி நீதிபதி எழுதியிருப்பார். நேரடி விசாரணைக்கு நீங்கள் கட்டிய 140 பவுண்டை, பேப்பரிலேயே முடிந்த கேஸ் என்றால் 80 பவுண்டை, ஹோம் ஆபிஸ் திருப்பித் தர வேண்டுமா என்பது அதில் தெரியும். முக்கியமான சான்றை விண்ணப்பத்தோடு கொடுக்காமல் அப்பீலில்தான் கொடுத்தீர்கள் என்றால் பெரும்பாலும் திரும்பி வராது. பெயரையும் பிறந்த தேதியையும் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுங்கள். தமிழ்ப் பெயரில் அப்பா பெயர் முன்னும் பின்னும் மாறிக் கிடப்பது சாதாரணம். எழுத்துப்பிழை இருந்தால் ட்ரைப்யூனலுக்கு எழுதினால் திருத்தித் தருவார்கள்.

அடுத்தது 14 நாள் கணக்கு. எழுத்துத் தீர்ப்பு அனுப்பப்பட்ட நாளிலிருந்து 14 நாளுக்குள் மேல் ட்ரைப்யூனலுக்குப் போக ஹோம் ஆபிஸ் அனுமதி கேட்கலாம். மார்ச் 3ஆம் தேதி அனுப்பப்பட்டிருந்தால் மார்ச் 17 வரை அவர்களுக்கு அவகாசம். தாமதமாகக் கேட்டாலும், தகுந்த காரணம் இருந்தால் ஏற்றுக்கொள்ளப்படலாம். முதல்நிலை ட்ரைப்யூனல் அனுமதி மறுத்தால் மேல் ட்ரைப்யூனலிடமே நேராகக் கேட்க இன்னொரு 14 நாள் உண்டு. அதனால் 15ஆம் நாள் வரை ஒன்றும் வரவில்லை என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். 'இந்தக் கேஸில் அனுமதி விண்ணப்பம் ஏதும் வந்திருக்கிறதா?' என்று கேஸ் நம்பரோடு ட்ரைப்யூனலுக்கு ஓர் ஈமெயில் போட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி கொடுக்கப்பட்டுவிட்டால், எழுத்தில் பதில் தர வழக்கமாக ஒரு மாதம் கிடைக்கும். அதைச் சும்மா விடக்கூடாது.

அகதிக் கோரிக்கையில் தோற்று, குடும்ப வாழ்க்கை அடிப்படையில் மட்டும் வென்றவர்களுக்கு ஒரு வார்த்தை. தோற்ற பகுதிக்கு எதிராக நீங்களும் மேலே போகலாம். நாட்டுக்குள் இருப்பவருக்கு அதே 14 நாள்தான் கெடு. இலங்கைத் தமிழர் கேஸ்கள் பலவற்றில் இந்தக் கேள்வி எழும். வென்ற சந்தோஷத்தில் அந்த நாட்களை ஓடவிட்டுவிடாமல், அன்றே உங்கள் சொலிசிட்டரிடம் (வழக்கறிஞரிடம்) கேட்டு முடிவெடுங்கள்.

காத்திருக்கும் காலத்தில் நாட்டை விட்டு வெளியே போகவே போகாதீர்கள். உள்ளிருந்து போட்ட அப்பீல் இறுதியாக முடிவதற்குள் வெளியேறினால் அது கைவிடப்பட்டதாகவே கருதப்படும். அப்பீல் முடிந்திருந்தாலும் விசா வரவில்லை என்றால் திரும்பி வர உங்களிடம் எதுவும் இல்லை. ஊரில் சாவு வீடு என்றாலும் சொலிசிட்டரைக் கேட்காமல் டிக்கெட் போட வேண்டாம். வேலை விஷயமும் இதே மாதிரிதான். பழைய விசா முடிவதற்குள் விண்ணப்பித்து, வேலை செய்யும் உரிமையோடு இருந்தவர் தொடர்ந்து வேலை செய்யலாம். முதலாளி ஹோம் ஆபிஸின் சரிபார்ப்புச் சேவையில் கேட்டால் 6 மாதத்துக்குச் செல்லும் கடிதம் கிடைக்கும். விசா இல்லாமல் இருந்தவருக்குத் தீர்ப்பு மட்டும் வேலை உரிமை தராது.

பலருக்குத் தெரியாத சிக்கல் ஒன்று உண்டு. சொலிசிட்டரோடு நீங்கள் போட்ட ஒப்பந்தம் தீர்ப்போடு முடிந்திருக்கலாம், ஆனால் ஹோம் ஆபிஸின் கடிதங்கள் தொடர்ந்து அவர் ஈமெயிலுக்கே போகும். கைரேகைக்குக் கூப்பிடுவது, ஹெல்த் சர்சார்ஜ் (விசாவோடு அரசு மருத்துவச் சேவைக்காகக் கட்டும் கட்டணம்) கட்டும் லிங்க் எல்லாம் அங்கே போய்த் தூங்கும். இனி யார் பார்க்கிறார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வீடு மாறியிருந்தால் ஹோம் ஆபிஸுக்கும் ட்ரைப்யூனலுக்கும் தனித்தனியாகத் தெரிவியுங்கள்.

ஹெல்த் சர்சார்ஜ் பணத்தைத் தயாராக வையுங்கள். விண்ணப்பம் மறுக்கப்பட்டபோது அது உங்களுக்குத் திரும்பி வந்திருந்தால், விசா தருவதற்கு முன் மறுபடி கட்டச் சொல்வார்கள். 2024 பிப்ரவரி முதல் உள்ள விகிதத்தில் பெரியவருக்கு வருடத்துக்கு 1,035 பவுண்டு, 18 வயதுக்குட்பட்டவருக்கு 776. முப்பது மாத விசாவுக்குப் பெரியவருக்கு 2,587.50, பிள்ளைக்கு 1,940. கடிதத்தில் உள்ள கெடுவைத் தவறவிட்டால் ஃபைல் நின்றுவிடும்.

சென்னையிலோ கொழும்பிலோ இருந்து போட்ட குடும்ப விசா அப்பீல் என்றால் பாஸ்போர்ட்டைக் கொடுக்கச் சொல்லி விசா மையத்திலிருந்து அழைப்பு வரும். டிபி (காசநோய்) சான்றிதழ் 6 மாதம்தான் செல்லும் என்பதால் பழையது காலாவதியாகியிருக்கும். அழைப்பு வந்த பின்பே புதிதாக எடுங்கள், முன்கூட்டியே எடுத்தால் அதுவும் வீணாகலாம்.

மாதங்கள் ஓடினால் சும்மா இருக்காதீர்கள். விசா, தீர்ப்புத் தேதியிலிருந்து கணக்கிடப்படாது, தரப்படும் தேதியிலிருந்துதான் தொடங்கும். முதலில் தீர்ப்பின் நகலோடு ஹோம் ஆபிஸுக்கு எழுதுங்கள். பிறகு தொகுதி எம்.பி.யிடம் போங்கள், அதற்கு நீங்கள் வாக்காளராக இருக்க வேண்டியதில்லை. அதுவும் பலிக்கவில்லை என்றால் ஜுடிஷியல் ரிவ்யூவுக்கு (அரசின் செயலை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கும் வழக்குக்கு) முந்தைய எச்சரிக்கைக் கடிதம். வழக்கமாக 14 நாள் கெடு கொடுப்பார்கள். பல ஃபைல்கள் இந்தக் கடிதத்தில்தான் அசைகின்றன.

ஈ-விசா வந்ததும் பெயர், தேதிகள், நிபந்தனைகள் மூன்றையும் பாருங்கள். தவறு இருந்தால் உடனே ஆன்லைனில் புகார் செய்யுங்கள். பெரும்பாலும் 30 மாதம்தான் தருவார்கள். அது நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்குப் போகும் ஐந்து வருட வழியா பத்து வருட வழியா என்பது முக்கியம். ஐந்து வருட வழியின் எல்லா விதிகளும் நிறைவேறின என்று நீதிபதி எழுதியிருக்க, கடிதத்தில் பத்து வருட வழி என்று இருந்தால் அந்தப் பத்தியைக் கோடிட்டு ஆட்சேபியுங்கள். அரசு உதவித்தொகை கிடையாது என்ற நிபந்தனை போட்டிருந்து, குடும்பம் கஷ்டத்தில் இருந்தால், பேங்க் ஸ்டேட்மென்ட்டுகளோடு நிபந்தனையை மாற்றக் கேட்கலாம். அப்பீலில் பெயர் இல்லாத குழந்தைக்குத் தானாக விசா வராது, தனி விண்ணப்பம் போட வேண்டும்.

விசாவை நீட்டிக்க, அது முடியும் தேதிக்கு முந்தைய 28 நாட்களில் விண்ணப்பியுங்கள். அப்போதும் தீர்ப்பின் முழு நகலைச் சேர்த்து அனுப்புங்கள். முன்பு ஒரு நீதிபதி கண்டறிந்ததே பின்னால் வரும் நீதிபதிக்குத் தொடக்கப்புள்ளி. 2002இல் ஓர் இலங்கைத் தமிழரின் கேஸில் நிலைபெற்ற விதி அது.