அயர்லாந்துக்கு அப்புறம் எங்கே? ஐரிஷ் ஸ்டார்ட்அப் போட்டிக்கு விண்ணப்பிக்கும் முறை

முதல் முறை நான் எழுதிய விண்ணப்பம் 14 பக்கம். திரும்பி வந்த பதிலில் காரணம் ஒரே வரி: அயர்லாந்துக்கு வெளியே எப்படி விற்பீர்கள் என்பது தெளிவாக இல்லை. அன்றைக்குக் கோபம்தான் வந்தது. அதற்குப் பிறகு தெரிந்தவர்கள் மூன்று பேருக்கு உட்கார்ந்து விண்ணப்பம் திருத்திக் கொடுத்திருக்கிறேன். மூன்றிலும் அதே ஓட்டை. அதனால் இப்போது யார் கேட்டாலும் அந்த ஒரு வரியிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன்.

எங்கள் தொழிலைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். நான் இருப்பது கார்க் கவுண்டியில், மாலோவுக்குப் பக்கத்தில். சுற்றிலும் பால் மாடுகள். மாட்டுக்குக் குளிர்காலத் தீவனம் சைலேஜ். நம் கால்நடைத் துறைக்காரர்கள் ஊறுகாய்ப்புல் என்பார்கள். புல்லை வெட்டி, அள்ளி, மூடிப் பதப்படுத்துவது பெரும்பாலும் கான்ட்ராக்டர்கள் வேலை. பெரிய இயந்திரங்களோடு வயல் வயலாகப் போவார்கள், ஏக்கருக்கு இவ்வளவு என்று கூலி. எந்த வயலில் எத்தனை ஏக்கர் என்பதை டிராக்டரில் கிடக்கும் ஒரு நோட்டில் பென்சிலால் கிறுக்கி வைப்பார்கள். பில் போடுவது பல வாரம் கழித்து, பாதி ஞாபகத்தில். நாங்கள் செய்தது ஒரு இணையச் சேவை: டிராக்டரில் இருக்கும் போன் வயலுக்குள் நுழைந்ததையும் வெளியேறியதையும் பார்த்துக்கொள்ளும், ஏக்கர் கணக்கைப் போடும், ராத்திரிக்குள் பில் தயாராகிவிடும். ஐடியா என்னுடையது இல்லை, என் கூட்டாளியுடையது. அவன் அப்பா கான்ட்ராக்டர்.

சரி, இதை வைத்து எந்தப் போட்டிக்குப் போவது? இங்கே பலரும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். உள்ளூர்ச் சந்தையோடு நிற்கிற தொழில் என்றால், அது நல்ல தொழிலாகவே இருந்தாலும், முதலில் போய்ப் பார்க்க வேண்டியது உங்கள் பகுதியின் லோக்கல் என்டர்பிரைஸ் ஆபீஸ், அதாவது சிறு தொழில்களுக்கு உதவும் உள்ளூர் அரசு அலுவலகம். நாடு முழுக்க 31 இருக்கின்றன. இன்னும் ஐடியா நிலையில்தான் இருக்கிறீர்கள், வேலையை விட்டுவிட்டு முழுநேரம் இறங்கத் தயார் என்றால் நியூ ஃபிரான்டியர்ஸ். தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் நடத்துகிற பயிற்சி, இரண்டாம் கட்டம் ஆறு மாதம், அதற்கு 15,000 யூரோ உதவித்தொகை. வட அயர்லாந்து நிறுவனங்களும் இங்குள்ள நிறுவனங்களும் சேர்ந்து போட்டியிடுவது சீட்கார்ன், எல்லை தாண்டிய வணிகத்தை வளர்க்கும் இன்டர்டிரேட் அயர்லாந்து அமைப்பு நடத்துவது. முதலீட்டாளர் முன்னால் நிற்க நீங்கள் தயாரா என்று அளந்து பார்க்கிற போட்டி. அப்புறம் என்டர்பிரைஸ் அயர்லாந்து. முன்பு அவர்களிடம் 'காம்பெடிடிவ் ஸ்டார்ட் ஃபண்ட்' என்று ஒன்று இருந்தது: 50,000 யூரோ தருவார்கள், கம்பெனியில் 10 சதவீதப் பங்கு எடுத்துக்கொள்வார்கள். 2022 முதல் அந்த இடத்தில் 'ப்ரீ சீட் ஸ்டார்ட் ஃபண்ட்' இருக்கிறது. 50,000 அல்லது 1,00,000 யூரோ, பின்னால் பங்காக மாறக்கூடிய கடனாக. இது கடன், பரிசு இல்லை. கேட்ட உடனே இனாம் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள், நான் சொல்லி மாட்டிக்கொண்டேன்.

என்டர்பிரைஸ் அயர்லாந்து என்பது ஐரிஷ் நிறுவனங்களை வெளிநாட்டில் விற்க வைப்பதற்காகவே இருக்கிற அரசு அமைப்பு. அவர்கள் தேடுகிற புது நிறுவனத்துக்கு வெளிப்படையாகவே ஓர் அளவு வைத்திருக்கிறார்கள்: மூன்று நான்கு வருஷத்தில் அயர்லாந்தில் 10 வேலைகள், வருஷ விற்பனை 10 லட்சம் யூரோ. இந்த இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டுங்கள். விண்ணப்பத்தைத் தொடுவதற்கு முன்னால் செய்யவேண்டிய கணக்கு இதிலிருந்துதான் வருகிறது.

எங்கள் கணக்கைக் காட்டுகிறேன். ஒரு கான்ட்ராக்டரிடம் வருஷத்துக்கு 600 யூரோ. பத்து லட்சத்தை 600-ஆல் வகுத்தால் 1,667 கான்ட்ராக்டர்கள். 2022 கணக்கெடுப்பின்படி இந்த நாட்டின் மக்கள்தொகையே 51 லட்சத்துச் சொச்சம். இதற்குள் மூன்று வருஷத்தில் 1,667 கான்ட்ராக்டர்களைப் பிடித்துவிடுவோம் என்று எழுதினால் நடுவர் நம்புவது இருக்கட்டும், நானே நம்பவில்லை. முதல் விண்ணப்பத்தில் இந்த வகுத்தலை நான் செய்யவே இல்லை. 'அயர்லாந்தில் வெற்றி பெற்ற பின் ஐரோப்பாவுக்கும் உலகச் சந்தைக்கும் விரிவடைவோம்' என்று ஒரு வாக்கியம் எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். விண்ணப்பங்களை வாசிப்பவர் அந்த வாக்கியத்தை ஒரு நாளைக்கு எத்தனை முறை பார்ப்பாரோ.

இரண்டாம் முறை 'உலகம்' என்ற சொல்லையே எடுத்துவிட்டேன். மூன்று இடம்தான் எழுதினோம். முதலில் பிரிட்டனின் பகுதியான வட அயர்லாந்து: எல்லையில் சோதனைச் சாவடி கிடையாது, அதே புல், அதே இயந்திரம், ஆனால் பில் பவுண்டில், வாட் விதியும் வேறு. அடுத்தது ஸ்காட்லாந்து. மூன்றாவது நியூசிலாந்து. அதுதான் எங்களைக் காப்பாற்றியது. இங்கே முதல் வெட்டு மே மாதக் கடைசியில் தொடங்கும், இலையுதிர்காலம் வந்தால் கான்ட்ராக்டர் எங்கள் சேவையைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார். நியூசிலாந்தில் பருவம் தலைகீழ், அக்டோபர் வாக்கில் அங்கே வெட்டு ஆரம்பம். எங்களுக்குப் பணம் வராத மாதங்களில் அங்கிருந்து வரும். இதைக் கண்டுபிடித்ததும் நான் இல்லை. நிராகரித்தவர்களிடம் போனில் விளக்கம் கேட்டபோது அங்கே பேசிய அம்மா, 'ஜனவரியில் உங்களுக்கு யார் பணம் கட்டுவார்கள்?' என்று கேட்டார். பதில் இல்லாமல் போனை வைத்தேன். அதனால் தோற்றால் விளக்கம் கேளுங்கள். கேட்டால்தான் சொல்வார்கள். கேட்கும்போது வாதாடாதீர்கள், எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது விண்ணப்பம். எல்லாவற்றிலும் ஏதோ ஒரு பெட்டியில் 'உங்கள் தொழிலை ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள்' என்று இருக்கும். ஒரு வாரம் செலவழிக்க வேண்டிய பெட்டி அது. என் முதல் வாக்கியம் இப்படி இருந்தது: 'விவசாயச் சேவைத் துறைக்கான புதுமையான, மேகக் கணினி சார்ந்த, முழுமையான மேலாண்மைத் தளம்.' இதில் ஒரு மனிதராவது இருக்கிறாரா? கடைசியில் போனது: 'சைலேஜ் கான்ட்ராக்டர் வயலில் வெட்டிய ஏக்கரை அளந்து அன்றைக்கே பில் அனுப்பும் போன் சேவை.' யார், எங்கே, என்ன கிடைக்கிறது என்று மூன்றும் இருக்கின்றன. எழுதியதை இந்தத் தொழில் தெரியாத யாரிடமாவது வாசித்துக் காட்டுங்கள். நான் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் காட்டினேன். முதல் வாக்கியத்துக்கு 'லவ்லி' என்றார். இரண்டாவதற்கு, 'அப்போ என் மருமகன் இனி ஏக்கரைக் கூட்டிச் சொல்ல முடியாதா?' என்று கேட்டார். அதுதான் வேண்டும்.

'புதுமை' பெட்டியில் தொழில்நுட்பத்தைக் கொட்டாதீர்கள். ஜிபிஎஸ் புதுமை இல்லை, நடுவருக்கும் தெரியும். வேலிக்குள் டிராக்டர் புல் வெட்டுகிறதா, சும்மா நிற்கிறதா, திரும்புகிறதா என்று போனின் அசைவிலிருந்து பிரித்துச் சொல்வதுதான் எங்களுடையது. அந்த ஒன்றை மட்டும் எழுதினோம். போட்டியாளர் பெட்டியில் 'யாரும் இல்லை' என்று மட்டும் எழுதவே கூடாது. யாரும் இல்லை என்றால் சந்தையே இல்லை, அல்லது நீங்கள் தேடவில்லை. எங்கள் பெரிய போட்டியாளர் என்று நாங்கள் எழுதியது: பென்சில்.

சாட்சியம் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஆர்வம் காட்டியவர்களின் எண்ணிக்கைக்கு மதிப்பு கிடையாது. 2023 செப்டம்பரில் லீஷ் கவுண்டி ரத்தேனிஸ்காவில் நடந்த தேசிய உழவுப் போட்டிக்குப் போனோம். மூன்று நாள், ரப்பர் பூட்ஸ், சேறு. 61 கான்ட்ராக்டர்களிடம் பேசினோம். 40 பேருக்கு மேல் 'அருமையான ஐடியா' என்றார்கள். சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டவர்கள் 9. அடுத்த பருவத்தில் உண்மையாகவே பணம் கட்டியவர்கள் 4. விண்ணப்பத்தில் 61-ஐ ஓர் ஓரத்தில் போட்டுவிட்டு 4-ஐப் பற்றி அரைப் பக்கம் எழுதினோம்: என்ன விலை, எப்போது கட்டினார்கள், ஒருவர் ஏன் ஜூலையில் நிறுத்தினார். நிறுத்தியவரை மறைக்க வேண்டாமா என்று கூட்டாளி கேட்டான். மறைக்கவில்லை. நேர்காணலில் அதிக நேரம் அவரைப் பற்றித்தான் பேசினோம், அதுதான் நன்றாகவும் போனது.

இணையத் தொழில் என்றால் தனிநபர் தரவு பற்றிய கேள்வி கட்டாயம் வரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2018 மே முதல் நடைமுறையில் இருக்கின்றன. எங்களிடம் வந்த கேள்வி: 'ஓட்டுநர் சாப்பிடப் போகும்போதும் முதலாளிக்குத் தெரியுமா?' வயல் எல்லைக்கு வெளியே போன் எதையும் பதிவு செய்யாது என்று சொல்ல முடிந்தது, ஏனென்றால் முதலிலேயே அப்படித்தான் எழுதியிருந்தோம். 'வழக்கறிஞரிடம் கேட்கிறோம்' என்ற பதிலோடு உள்ளே போகாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இன்னொரு பேச்சு. இங்கே தங்கும் அனுமதியின் வகையை 'ஸ்டாம்ப்' என்பார்கள். வேலை அனுமதியோடு ஸ்டாம்ப் 1-இல் இருப்பவர் சொந்தமாகத் தொழில் தொடங்க முடியாது. படிப்பு முடித்து ஸ்டாம்ப் 1ஜி-யில் இருப்பவரும் அப்படித்தான். ஸ்டாம்ப் 4 வந்த பிறகு தடை இல்லை. நான் அதற்காகக் காத்திருந்துதான் இறங்கினேன். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே உள்ள நாட்டவருக்கென்று 'ஸ்டார்ட்அப் ஆன்ட்ரப்ரனர்' திட்டம் தனியாக இருக்கிறது, அதற்கு 50,000 யூரோ நிதி காட்ட வேண்டும். இங்கே பதிவாகும் கம்பெனியில் ஒரு இயக்குநராவது ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் வசிப்பவராக இருக்க வேண்டும். இல்லையென்றால் 25,000 யூரோவுக்கு ஒரு பிணைப் பத்திரம் எடுக்க வேண்டும். குடியுரிமை பற்றிய விதி இல்லை இது, வசிக்கும் இடம் பற்றியது. இதைத் தவறாகப் புரிந்துகொண்டு பங்கில் பாதியை 'ஐரிஷ் பெயர்' ஒன்றுக்கு எழுதிக் கொடுத்தவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

நேரில் பேசும் சுற்றுக்கு அழைத்தால் இரண்டு மூன்று விஷயம்தான். ஸ்லைடில் காலிசன் சகோதரர்கள் படம் வேண்டாம். பேட்ரிக் காலிசன் 2005-இல் 16 வயதில் இளம் விஞ்ஞானி போட்டியில் ஜெயித்ததும், பிறகு தம்பியோடு சேர்ந்து ஸ்ட்ரைப் என்ற இணையப் பணப்பரிமாற்ற நிறுவனம் தொடங்கியதும் அந்த அறையில் இருக்கும் எல்லாருக்கும் மனப்பாடம். பெருமை பேசினால் இங்கே எடுபடாது. தன்னைத் தானே கொஞ்சம் கிண்டல் செய்துகொண்டு, எண்ணை மட்டும் உறுதியாகச் சொன்னால் போதும். சேவையை நேரில் இயக்கிக் காட்டுவதாக இருந்தால் அதைக் காணொளியாகப் பதிந்தும் கையில் வைத்திருங்கள். எங்கள் போன் கூரைக்குக் கீழே செயற்கைக்கோளைத் தேடிக்கொண்டே இருந்தது.

இன்னொன்று, பேச்சு வழக்கு. நடுவர் 'கிராண்ட்' என்றால் மயங்காதீர்கள். நமக்குக் கிராண்ட் என்றால் ஏழு வகைப் பாயசம். இவர்களுக்கு 'சரி, பரவாயில்லை', அவ்வளவுதான். நியூசிலாந்துக் கணக்கைச் சொல்லி முடித்ததும் நடுவில் இருந்தவர் 'தட்ஸ் கிராண்ட்' என்றார். டப்ளினிலிருந்து மாலோ வரும் ரயிலில் இரண்டு மணி நேரம் அதையே நானும் கூட்டாளியும் பிய்த்துப் பிய்த்துப் பார்த்தோம்.

முடிவு வர ஆறு வாரம் ஆனது. அதற்குள் ஐந்தாவது கான்ட்ராக்டர் பணம் கட்டினார், அதுவும் எல்லைக்கு அந்தப் பக்கம், பவுண்டில். ரசீதை இணைத்து இரண்டே வரியில் மின்னஞ்சல் அனுப்பினேன். அனுப்பலாமா, தொந்தரவாக எடுத்துக்கொள்வார்களா என்று கூட்டாளி தயங்கினான். முடிவு என்ன ஆச்சு என்று நான் விசாரிக்கவில்லை, புதிதாக நடந்ததைத்தான் தெரிவித்தேன். மறுநாள் காலை பதில் வந்தது: கோப்பில் சேர்த்துவிட்டோம்.