சித்தூர்ப் புழையில் ஸ்பின்னர் போடும் முறை

விரால் பிடிக்க, பாலக்காட்டுப் பக்கம் ஓடும் சித்தூர்ப் புழை என்ற ஆற்றில், மூலத்தறை ரெகுலேட்டர் என்ற தடுப்பணைக்குக் கீழே பாறைகளுக்கு இடையே மடு கட்டி நிற்கும் இடங்கள்தான் எனக்குப் பிடித்தவை. ஸ்பின்னர் என்பது இழுக்கும்போது சுற்றும் உலோகத் தகடு வைத்த செயற்கைத் தூண்டில் இரை. அதைப் பற்றிப் பக்கத்து ஊரான கொழிஞ்சாம்பாறைப் பையன்கள் முதலில் கேட்பது எந்த நிறத் தகடு என்று. நிறம் அப்புறம், தகடு சுற்றுகிறதா என்று பாருங்கள்.

ஸ்பின்னர் தண்ணீரில் விழுந்ததும் ராடை (தூண்டில் கோலை) சட்டென்று ஒரு இழுப்பு இழுங்கள். தகடு சுற்றத் தொடங்கினால் ராட் நுனி மெல்ல அதிரும். அந்த அதிர்வு நிற்காத அளவுக்கு, முடிந்தவரை மெதுவாக ரீலைச் சுற்றுங்கள். கலங்கிய தண்ணீரிலும் விரால் அதிர்வை உடம்பால் உணர்ந்து தேடி வரும். அதிர்வு நின்றுவிட்டதா? பாசி சிக்கியிருக்கும்; எடுத்துவிட்டு மறுபடி வீசுங்கள்.

ஓட்டமுள்ள இடத்தில் ஒடுக்கமான இலைத் தகடு, தேங்கிய மடுவில் அகலத் தகடு. கலங்கலுக்குப் பித்தளை நிறம், தெளிவுக்கு வெள்ளி. தங்கூசிக்கும் (தூண்டில் நரம்புக்கும்) ஸ்பின்னருக்கும் நடுவே சுவிவல் என்ற சுழலும் இணைப்பு கட்டாயம். இல்லாவிட்டால் தங்கூசி முறுக்கிக்கொள்ளும். செடி அதிகமென்றால் மூன்று முனை உள்ள தூண்டில் முள்ளைக் கழற்றி ஒற்றை முள் மாட்டுங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மழைக்காலத்தில் செந்நிற விரால் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்தால், கீழே விரால் காவலுக்கு நிற்கும். எதைப் போட்டாலும் பாய்ந்து கடிக்கும். அதைப் பிடித்துவிட்டால் அத்தனை குஞ்சும் மற்ற மீன்களுக்கு இரை. தயவுசெய்து அங்கே வீசாதீர்கள், அடுத்த மடுவுக்குப் போங்கள்.

விரால் வாயில் விரல் விடவேண்டாம். முள்ளை எடுக்கக் குறடு வைத்துக்கொள்ளுங்கள்.